வீக்கத்தைக் காணோம்

காலை ஏழே கால். மருத்துவ மாணவன் மூன்றாம் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றபோது அதில் ஒரு போர்வை மட்டும் இருந்தது. போர்வை மூச்சு விட்டது.

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் அவனுக்கு அது முதல் நாள். மூன்றாம் கட்டில், ஐந்து வயது, குடலிறக்கம், வலப்பக்கம் அடிவயிற்றில் வீக்கம் இருக்கும் என்று சீனியர் சொல்லியிருந்தார். தொட்டுப் பார்த்து, ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் ஒழுங்காகச் சொன்னால் ஆபரேஷனில் அவர் பக்கத்தில் நிற்கலாம். சொதப்பினால் தியேட்டர் வாசலில் செருப்புக்குக் காவல்.

பக்கத்து நாற்காலியில் முழுக்கை ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே என் தம்பி. வெள்ளைக் கோட்டுன்னா அவனுக்குப் பயம். அம்மா குளிக்கப் போயிருக்காங்க," என்றாள், ஒரே மூச்சில்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். போர்வை விலகியது. கரடிப் படம் போட்ட ஆஸ்பத்திரி கவுனுக்குள் ஒரு பையன் இருந்தான். கவுன் பாதத்தையும் தாண்டித் தொங்கியது. ஐந்து வயதுக்கு உடம்பு போதாது என்று மாணவன் மனதில் குறித்துக்கொண்டான்.

அதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். மாமா, சித்தப்பாவெல்லாம் சாயங்காலம்தான் வரவேண்டும் என்று அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். அடையாள அட்டையைக் காட்டி மீண்டு வந்தபோது அவனுடைய ஸ்டெதஸ்கோப் பையனின் வாயில் இருந்தது.

"கேட்டா அழுவான்," என்று சிறுமி எச்சரித்தாள்.

குழந்தையை அழவிடக் கூடாது என்பது சீனியரின் முதல் பாடம். ஸ்டெதஸ்கோப் போனது போனதுதான்.

குளிர்ந்த கையால் தொடக் கூடாது என்பது இரண்டாவது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டான். பையன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். வலப்பக்கம் தேடினான். சந்தேகத்துக்கு இடப்பக்கமும் தேடினான். பேர் என்ன என்று கேட்டதற்குப் பையன் "பூ" என்றான். பேச்சும் தாமதம்.

சீனியருக்குப் போன் போட்டான்.

"அழும்போதுதாண்டா வீக்கம் வெளியே தள்ளும். அழ வச்சுப் பாரு," என்றார் அவர், கொட்டாவிக்கு நடுவில்.

"அழவிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற. இது வேற." போன் வைக்கப்பட்டது.

மாணவன் கண்ணை உருட்டிப் பல்லைக் கடித்துப் பயமுறுத்தினான். பையன் கைதட்டி, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினான். இன்னொரு தடவை செய்தான். எட்டிப் பார்த்த சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அழுகை மாணவனுக்குத்தான் வரும்போல இருந்தது.

"நான் வேணா அழ வைக்கட்டுமா அண்ணா?" என்றாள் சிறுமி. பதிலுக்குக் காத்திராமல் தம்பியின் தொடையில் கிள்ளினாள். பழகிய கை.

பையன் அலறினான். நான்காம் கட்டில் சேர்ந்துகொண்டது. மற்ற கட்டில்கள் காரணம் கேட்காமல் தொடங்கின. மாணவன் கவுனைத் தூக்கிக் குனிந்து தேடினான். வயிறு மேசைபோல் சமமாக இருந்தது. பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பெரிய டாக்டர். கூடவே சிஸ்டர்.

"சொல்லுங்க," என்றார்.

சிறுமி பொறுப்பாகக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டதும் மாணவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, பேச்சு தாமதம், அழுதாலும் வீக்கம் இல்லை என்றான். ஆபரேஷன் தேவையா என்றே யோசிக்கலாம் என்று ஆலோசனையும் சொன்னான்.

பெரிய டாக்டர் பையனின் கவுன் கைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். இரண்டும் வெறும் மணிக்கட்டு.

"பேர் எழுதின பட்டை கையில கட்டியிருப்போமே. பார்த்தீங்களா?"

மாணவன் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தான், அதைத் தவிர.

சிஸ்டரின் கண் நாற்காலிப் பக்கம் திரும்பியது. சிறுமி இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். பெரிய டாக்டர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கையை மெதுவாக வெளியே எடுத்தார். அதில் பிளாஸ்டிக் பட்டை. மூன்றாம் கட்டில் என்று தெளிவாக எழுதியிருந்தது.

சிறுமி அவரைப் பார்க்கவில்லை. மாணவனைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் அவனையே பார்த்துட்டீங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி. "ஆபரேஷனையும் அவனுக்கே பண்ணிடுங்களேன் அண்ணா, அம்மா வர்றதுக்குள்ள?"