மேட்டுநரம்பனும் பள்ளநரம்பனும்

"தும்மிடாதே! இருபது கோடி வருஷம்!"

மனைவி தும்மவில்லை. மேசையைத் துடைக்கத்தான் வந்தார். ஆனாலும் கணவர் இரண்டு கைகளாலும் கற்களைப் பொத்திக்கொண்டார்.

புதிதாகக் கண்டுபிடிப்போர் என்று ஓர் இனம் உண்டு. உருப்பெருக்கியும் முதுகுவலியும் அடையாளங்கள். நம் கையில் சிக்கியவர், கல்லில் படிந்த தத்துப்பூச்சிகளை ஆராய்பவர். உயிரோடு தத்தி வரும் பூச்சியைச் செருப்பால் அடிப்பார். செத்து, நசுங்கி, ஒற்றை இறக்கையாகக் கல்லில் ஒட்டிய பிறகுதான் அதற்கு மரியாதை. இறக்கையின் நரம்புகளை எண்ணுவார், மறுபடி எண்ணுவார், ஒரு கிளை கூடுதலாகக் கிடைத்தால் தொலைபேசியில் யாரையாவது கூப்பிட்டு, "பரிணாமத்துல இப்படி ஒரு திருப்பத்தை யாரும் பார்த்ததில்லப்பா!" என்பார். தப்பான எண்ணா? முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

இம்முறை கூடுதல் கிளையோடு இரண்டு புது இனங்கள். ஒன்றில் நரம்புகள் மேடு. மற்றதில் பள்ளம். மேடு பள்ளமாக மாற இருபது லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நாற்பது பக்கம் எழுதியாயிற்று. மேட்டுக்கு மனைவி பெயர். பள்ளத்துக்கு, வெள்ளிக்கிழமை ஓய்வு பெறும் ஆய்வக இயக்குநர் பெயர். இயக்குநர் அதைத் தம் சம்பந்தி வரை சொல்லிவிட்டார். கட்டுரை நாளை ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

"கொஞ்சம் கையை எடுங்க, துடைக்கணும்."

"கலந்துடாதே, ரெண்டும் வேற வேற இனம்!"

மனைவி இடம் மிச்சமாகட்டும் என்று ஒரு கல்லை மற்றதன்மேல் வைத்தார். டக். டப்பாவும் மூடியும்போலப் பொருந்தின.

"என்னங்க, இது ஒரே கல்லு."

மூன்று வருடத்துக்கு முன் சுத்தியலால் அதைப் பிளந்து, பாதிகளை இரண்டு பெட்டிகளில் போட்டவர் இவரேதான். ஒரு பாதியில் பூச்சி. மறுபாதியில் அதன் அச்சு.

"அப்ப நானும் உங்க இயக்குநரும் ஒரே பூச்சியா?" மனைவி சிரித்தார், சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்தார், உட்கார்ந்தும் சிரித்தார்.

"உன் பேரை எடுத்துடட்டுமா?"

"எடுத்துத்தான் பாருங்களேன்."

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரே கோபத்துக்கு வீட்டில் கொள்கை என்றும் வேலையிடத்தில் அனுபவம் என்றும் இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்களே, அவற்றை எப்போதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததுண்டா?

மறுநாள் அவர் ஒன்பதரைக்கு அலுவலகம் போனார். இயக்குநர் அறையில் பத்து நிமிடம் இருந்தார். மாலை நான்கு மணிக்குக் கட்டுரை போயிற்று. பத்தொன்பது பக்கம், ஒரே இனம், கூடுதல் கிளை அப்படியே இருந்தது. இயக்குநருக்குச் சுவர்க்கடிகாரம் வாங்குவது என்று முடிவாயிற்று.