சூடு பரவுகிறது என்றார், ஓடினேன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஓடினால் ஏன் என்று கேட்கக் கூடாது. கூடவே ஓட வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காரணம் கேட்டு நின்றவர்கள் யாரும் இன்று பதில் சொல்ல இல்லை. இந்த நல்ல பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு கல்யாண மண்டபத்தையே நான் காலி செய்தேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை எனக்கு. எதிரில் உட்காருபவள் பாக்கியம். ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது ரூம் இல்லை. பாக்கியமும் இல்லை.

அதோடு என் தூக்கமும் போய்விட்டது. குக்கர் விசிலடித்தால் தெருவில் நிற்பேன். (ஒருமுறை கையில் தோசைக்கரண்டியோடு. எதிர்வீட்டுக்காரர் தன் மேல்தான் கோபம் என்று நினைத்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.) படுத்தால் நெஞ்சு அச்சு மிஷின்போல் அடிக்கும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். "கண்ணை மூடிப் படு, தன்னால வரும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வந்துவிடும்.

போதாக்குறைக்குக் கை நடுக்கம் வேறு. போர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு கனகு, கை நடுங்குற ஆளை மருந்துகிட்ட விட மாட்டேன். தூங்கித் தெளிஞ்சு வா. இல்லைன்னா வேற வேலை பாத்துக்க." வேறு வேலைக்கு எங்கே போவது? எங்களுடையது வானம் பார்த்த பூமி. அதை விட்டால் இருப்பது இன்னொரு பட்டாசுக் கம்பெனி.

அப்போதுதான் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். பயந்து கிடக்கும் உடம்பை அமைதிப்படுத்தித் தூங்க வைக்கிற பயிற்சியாம். சொல்லிக் கொடுக்க மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். இடம் கல்யாண மண்டபம். நாங்கள் பழக்கதோஷத்தில் செருப்பை வெளிப்பக்கம் பார்க்கக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவுகள் எங்கெங்கே என்று பார்த்து, ஆளுக்கொரு கதவோரமாகப் படுத்துக்கொண்டோம். மண்டபத்தின் நடு காலியாகக் கிடந்தது.

"ஏன் எல்லாரும் ஓரத்துலயே படுக்கிறீங்க? நடுவுல வாங்க" என்றார். யாரும் அசையவில்லை.

"உங்க உடம்பு இன்னமும் ஆபத்துல இருக்கிறதா நெனைச்சுக்கிட்டிருக்கு. அது முடிஞ்சிருச்சுன்னு உடம்புக்குப் புரிய வைக்கணும். மூச்சை மெதுவா இழுங்க. அதைவிட மெதுவா விடுங்க."

பக்கத்தில் படுத்திருந்த முத்துமாரி, "மருந்துத் தூசிக்கு மூச்சை இழுக்காதன்னு போர்மேன் சொல்லுதாரு. இந்தம்மா இழுக்கச் சொல்லுது. யாரு பேச்சைத்தான் கேக்க?" என்றாள். (ஒரு ஆட்டுக்குட்டி விவகாரத்தில் அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் சொன்னது கூரையிடம்.)

நான் மட்டும் ஒழுங்காகக் கேட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம். இழுத்தேன், விட்டேன். இறுகிக் கிடந்த தாடை இளகியது. தோள் தரையில் படிந்தது. அத்தனை நாள் வராத தூக்கம் இமை வரை வந்துவிட்டது. அந்தக் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"பாதத்துல லேசா ஒரு சூடு. அது மெல்ல மேல பரவுது... முழங்கால் வரைக்கும் வந்திருச்சு..."

மற்ற ஊர்களில் இது சுகமான செய்தியாக இருக்கலாம்.

எழுந்தது எனக்குத் தெரியாது. ஓடும்போதுதான் விழித்தேன். நான் ஓடியதும் முத்துமாரி ஓடினாள். அவள் ஓடியதும் மண்டபமே ஓடியது. யாரும் கத்தவில்லை, யாரும் காரணம் கேட்கவில்லை. பின்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் எங்களைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. போர்மேன் அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி ஓடினார். மதுரைக்காரப் பெண் மட்டும் காலி மண்டபத்தில் நின்று, "இப்ப மெதுவா கண்ணைத் திறங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு அவரும் ஓடி வந்துவிட்டார்.

கருவேலங்காட்டு ஓரத்தில் நின்றோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அவரவர் தன் எதிரில் உட்காரும் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கம் அது.

"செல்லத்தாயி!"

"இருக்கேன்."

"மாடசாமியண்ணே!"

"இருக்கேன்."

நானும் கூப்பிட்டேன். "பாக்கியம்!"

வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. என்னைக் கூப்பிட வேண்டியவளும் அவள்தான். எல்லாப் பேரும் முடிந்துவிட்டன. என் பேரை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் அவளோடு போய்விட்டேன் போல என்று நின்றேன். காலில் முள் ஏறியிருந்ததுகூடத் தெரியவில்லை.

"ஏ கனகு! இருக்கியாடி?"

கேட்டது முத்துமாரி.

"இருக்கேன்" என்றேன். சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து முள்ளைப் பிடுங்கினாள். பிடுங்கி முடிப்பதற்குள் நான் தூங்கிப்போனேன். "ஆமா, எதுக்கு ஓடுனோம்?" என்று போர்மேன் கேட்டது அதற்குப் பிறகுதானாம். மதுரைப் பெண் இப்போது எங்கள் பக்கம் வந்தால் "குளுமை பரவுது" என்றுதான் சொல்கிறாராம்.

கை நடுக்கம் அடங்க இன்னும் நாளானது. அடங்கியதும் வேலைக்குத் திரும்பினேன். எதிரில் இப்போது முத்துமாரி உட்காருகிறாள். (ஆட்டுக்குட்டி விவகாரம் அப்படியேதான் இருக்கிறது.)

வீட்டில் விளக்கை அணைக்கும் முன் என் வீட்டுக்காரர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லோரும் "இருக்கேன்" என்றால்தான் எனக்குத் தூக்கம் வரும். மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த மருமகன், மாமனார் தன் பேரையும் கூப்பிடுவதைக் கேட்டு, பதறி எழுந்து விறைப்பாக நின்று "உள்ளேன் ஐயா!" என்றார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் "உள்ளேன் ஐயா வந்துட்டாக" என்றுதான் சொல்வார்கள்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகும் என் வீட்டுக்காரர் சுவிட்சில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். இன்னும் ஒரு பேர் பாக்கி இருப்பது அவருக்கும் தெரியும். "போதும், அணைங்க" என்பேன்.