லாரி பேட்டரிக்குப் பிறந்த குட்டி

நல்லகாமன் அந்தப் பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றுகிற மூடி எங்கேயும் இல்லை.

"என்ன பாய், இதுக்கு வாயே இல்ல?"

"துபாய்ச் சாமான்யா. தண்ணியெல்லாம் கேக்காது. கரண்டு மட்டும் ஏத்தினாப் போதும்," என்றார் சிக்கந்தர்.

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே லாரிக்கும் டிராக்டருக்கும் பேட்டரி சார்ஜ் போடுகிற கடை நல்லகாமனுடையது. கடை இருந்த கட்டிடம் சிக்கந்தருடையது. அவர் ஒன்பது வருடம் துபாயில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊரோடு வந்து சேர்ந்திருந்தார். வரும்போது டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில்களோடு ஒரு விளையாட்டுக் காரும் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு இல்லை, தனக்கு. முழங்கை நீளமிருந்த அந்தச் சிவப்புக் காரை, கையில் ரிமோட் பெட்டியை வைத்துக்கொண்டு ஐம்பதடி தள்ளி நின்றே ஓட்டலாம். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட்டு மறுபடி ஓட்டலாம். அந்தச் சார்ஜர்தான் நேற்று மதுரைக் கரண்டைத் தாங்காமல் புகைந்துபோயிருந்தது.

"நாளைக்கு அஜ்மலைப் பொண்ணு பாக்க வாராக," என்றார் சிக்கந்தர். அஜ்மல் பீவி அவருடைய ஒரே மகள். "திண்டுக்கல் இடம். மாப்பிள்ளை வீட்டாரு ஹால்ல உக்காந்திருப்பாக. அடுப்படிலருந்து இந்தக் காரு வரும். முதுகுல சர்பத் தட்டு. நேரா மாப்பிள்ளையப் பெத்த அத்தா முன்னாடி போய் நிக்கும். நான் மாடிப்படில உக்காந்து ஓட்டுவேன். எப்புடி?"

"அருமை பாய்," என்றார் நல்லகாமன். கட்டிடக்காரரிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

"காரையும் வச்சுட்டுப் போறேன். ஓட்டிப் பாத்து வையி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன்." கிளம்பியவர் வாசலில் நின்றார். "இந்த எடத்துல லாட்ஜ் கட்டுங்கன்னு ஆளுக்கு ஆளு சொல்றாக. நான்தான் நல்லகாமன் பாவம்னு தள்ளிப் போட்டுக்கிட்டு வாரேன்."

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் நல்லகாமன் பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினார். "தவசி! மாப்ள! இங்க வா!"

தவசிக்கு ரேடியோ ரிப்பேர்க் கடை. அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தாலும் அவனுக்கு அது தெரியாது.

தவசி பேட்டரியைத் தடவிப் பார்த்தான். "உள்ள எத்தன செல்லு?"

"ஆறு."

"லாரி பேட்டரிக்கு எத்தன அறை?"

"ஆறு."

"அப்பறம் என்ன? இது லாரி பேட்டரிக்குப் பிறந்த குட்டி. பன்னெண்டு வோல்ட்டுல போடு."

கூட வந்த தாளில் எல்லாம் ஜப்பான் எழுத்து. படங்கள் மட்டும்தான் பார்க்கும்படி இருந்தன. ஒரு கடிகாரம், பக்கத்தில் 15 என்ற எண். அதற்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர், அதன்மேல் பெரிய பெருக்கல் குறி.

"பதினஞ்சு நிமிசமா, பதினஞ்சு மணி நேரமா?"

"எந்தப் பேட்டரியாச்சும் கால்மணி நேரத்துல ஏறுமா மாப்ள? பதினஞ்சு மணி நேரந்தேன்."

"பாய் அஞ்சு மணிக்கு வந்துருவாரே!"

"அப்பக் கரண்டக் கூட்டி வையி."

கூட்டி வைத்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கடைக்குள் ரப்பர் கருகுகிற வாடை. ஓடிப்போய்த் தொட்டவர் கையை உதறிக்கொண்டு குதித்தார். பேட்டரி தோசைக்கல்லாகக் கொதித்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தோல் சுருங்கிக் கொண்டிருந்தது.

"தவசி, வேகுதுடா!"

தவசி தாளை எடுத்து நிதானமாகப் படம் பார்த்தான். "இதத்தேன் முன்னாடியே சொல்லிருக்கான். வாளி மேல பெருக்கல் குறி. என்ன அர்த்தம்? தண்ணியப் பெருக்கணும்."

நல்லகாமன் ஒரு வாளி டிஸ்டில்டு வாட்டரைப் பெருக்கி, பேட்டரியை அதற்குள் போட்டார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. குமிழி வந்தது. இருவரும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"இந்தப் பக்கமா வந்தேன். என்னய்யா வாளிக்குள்ள?" என்றார் சிக்கந்தர்.

நல்லகாமன் வாளியை மறைத்து நின்றார். "அது வேற ஆளுது பாய். ஊறுது."

"என்னுது?"

"ஏறுது பாய்."

அவர் போனதும் வாளியிலிருந்து எடுத்தார்கள். சொட்டச் சொட்ட இருந்தது. காரில் மாட்டினால் கார் முனகக்கூட இல்லை.

"ஈரம் மாப்ள. காய வையி."

காய வைக்கச் சூடான இடம் டீக்கடை பாய்லர்தான். பாய்லரின் தோளில் உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் சமத்தாக உட்கார்ந்திருந்தது. பிறகு 'டப்' என்று ஒரு செல் வாயைத் திறந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். டீ மாஸ்டர் இடுக்கியால் பேட்டரியைப் பிடித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, நல்லகாமனின் பரம்பரையை விசாரித்தார்.

நல்லகாமன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எதிரே சிவப்புக் கார் பளபளவென்று நின்றது. அதன் இடத்தில் ஒரு லாட்ஜ் எழும்புவது போலவும், தானும் தன் பேட்டரிகளும் பிளாட்பாரத்தில் கிடப்பது போலவும் தோன்றியது.

"காரு நல்லாத்தேன இருக்கு? அதுக்கு வேண்டியது கரண்டு. கரண்டு எதுலருந்து வந்தா அதுக்கென்ன?" என்றான் தவசி.

ஆறு டார்ச் செல்களை வாங்கிச் சைக்கிள் டியூபால் கட்டி மாட்டினார்கள். கார் நகர்ந்தது. முதுகில் ஒரு டீ கிளாஸை வைத்தார்கள். கார் பெருமூச்சு விட்டு நின்றது. தள்ளிவிட்டால் ஒரு சாண் போய் மறுபடி நின்றது.

"சர்பத் போய்ச் சேர்றதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்துருவான்டா," என்றார் நல்லகாமன்.

"தெம்பு பத்தல." தவசி அலமாரியைச் சுற்றிப் பார்த்தான். புதிதாய்ச் சார்ஜ் ஏறிய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று செங்கல் கணக்காக உட்கார்ந்திருந்தது. "அந்தா இருக்கு பாரு, பன்னெண்டு வோல்ட்டு."

"வேணாம் மாப்ள."

"மணி மூணே கால்."

நல்லகாமன் சணலை எடுத்தார். காரின் முதுகில் பேட்டரியைக் கட்டி வயரை மாட்டினார். தவசி கடை வாசலில் நின்று ரிமோட் பெட்டியின் ஏரியலை இழுத்துவிட்டு, குச்சியை லேசாகத் தள்ளினான்.

கார் கடைக்குள் இருந்ததை நல்லகாமன் பார்த்தார். அடுத்துப் பார்த்தபோது அது ரோட்டில் இருந்தது.

"நிறுத்துடா!"

"நிறுத்திட்டேன் மாப்ள! அது நிக்க மாட்டேங்குது!"

உள்ளே ஏதோ ஒன்று உருகி ஒட்டிக்கொண்டது. கார் பஸ் நிலையத்துக்குள் பாய்ந்தது. வாழைத்தார் சுமந்து வந்தவரின் கால்களுக்கு நடுவே புகுந்து போக, அவர் தாரைப் போட்டுவிட்டுக் குலசாமியைக் கூப்பிட்டார். இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குள் நுழைந்தன. நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணே பிடிங்க! அண்ணே பிடிங்க!" என்று ஓடினார். "பிக்பாக்கெட்டு!" என்று யாரோ கத்த, பத்துப் பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னைய இல்லய்யா! அதை!"

அந்த நேரம் வாடிப்பட்டி பஸ் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் விசிலை ஊதி, "வரலாம் வா, வரலாம் வா," என்றார். பஸ் வந்தது. காரும் வந்தது.

நொறுக்.

டிரைவர் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். சிவப்புத் தகடாக ஏதோ தெரிந்தது. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"யோவ்! இதை ஓட்டுனது யாருய்யா?"

தவசி ரிமோட் பெட்டியை மெதுவாக நல்லகாமன் கையில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

நாலேகால் மணிக்கு நல்லகாமன் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு சிக்கந்தர் வீட்டு வாசலில் நின்றார். அந்த நேரத்தில் சிக்கந்தர் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. வீட்டம்மாவின் காலில் விழுந்தாவது கடையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்தது சிக்கந்தரின் மனைவி சைனப். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணே," என்றாள்.

"தங்கச்சி... என்னைய மன்னிச்சிரும்மா. பாய் என்னைய நம்பிக் குடுத்தாரு. நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்." பையை விரித்துக் காட்டினார்.

சைனப் குனிந்து பார்த்தாள். நசுங்கிய ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேட்டரி?"

"சாக்கடையில கிடக்கும்மா. வெடிச்சிருச்சு."

"சரி பண்ண முடியாதா?"

"ஆண்டவனே வந்தாலும் முடியாதும்மா."

"வேற பேட்டரி போட்டு?"

"போட்டுத்தாம்மா இந்தக் கதி!"

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். விளக்குமாறு எடுக்கப் போகிறாள் என்று நல்லகாமன் ஒரு படி இறங்கி நின்றார். வந்தவள் கையில் ஒரு தட்டு நிறைய அல்வா இருந்தது.

"உக்காந்து சாப்புடுங்கண்ணே. அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நான் இருக்குற வரைக்கும் அங்க லாட்ஜும் வராது, ஒண்ணும் வராது."

நல்லகாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. அல்வாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

சைனப் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இந்தக் காரு நாளைக்குச் சர்பத்தோட வந்தா, பொண்ணு பாக்க வாரவுக முன்னாடி எங்க மானம் போயிருமேன்னு பயந்துக்கிட்டே கிடந்தேன். அவரு டவுன்ஹால் ரோட்டுல பெரிய கடையில குடுக்கத்தேன் கிளம்புனாரு. நான்தான், நல்லகாமண்ணன் கடையில குடுங்கன்னு திருப்பி விட்டேன். போன வருசம் எங்க அத்தா லாரி பேட்டரிய உங்ககிட்டச் சார்ஜ் போடக் குடுத்தாகல்ல?"