போளூரிலிருந்து புதூருக்கு: நான்கு தலை, செலவு பூஜ்யம்

சூசையப்பர் துணை

ஆரணி,
27.2.1984, திங்கட்கிழமை

போளூரில் வசிக்கும், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டும், எங்கள் மாப்பிள்ளை இன்னாசிமுத்துவை வளர்த்து ஆளாக்கிய பெரியப்பாவும், எங்களுக்குப் புதுச் சம்பந்தியுமான திரு. பெரியநாயகம் அவர்களுக்கு, பெண்ணின் தாய்மாமன் ஏசுதாஸ் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. தங்களுக்கும் சம்பந்தியம்மா இன்னாசியம்மாள் அவர்களுக்கும் என் வந்தனம். இங்கே அனைவரும் உடம்பளவில் சுகம். மனதளவில் என் அக்கா ரோசம்மாள் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தங்கள் கோபம் என்றும், தங்கள் கோபத்துக்குக் காரணம் நான் என்றும் ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு என்பதை நிதானமாக விளக்கவே இதை எழுதுகிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. அதற்கடுத்த புதன், சாம்பல் புதன். அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, விருந்தும் கிடையாது. தாங்களோ, "நானும் வரமாட்டேன், எங்க வீட்டுப் புள்ளையும் மருமகளும் வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. அக்காவுக்கு சூசைமேரி ஒரே பெண். அக்கா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏண்டா தாசு, பெத்த பொண்ணு மூஞ்சிய பாக்கறதுக்கு நான் ஈஸ்டர் வரைக்கும் காத்துகினு இருக்கணுமா? உன் கணக்குல எங்கயாவது நான் அழுவறதுக்கு ஒரு கட்டம் போட்டியாடா?" என்று கேட்கிறாள். அப்படிக் கட்டம் எதுவும் கிடையாது என்று சொன்னதற்கு அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பட்டுப் புடவைக் கட்டுகளை வெளியூர்களுக்கு அனுப்பும் பார்சல் ஆபீசில் நான் பல வருஷமாக இருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். போன வருஷம் வேலூரில் லாரி, பார்சல் தொழிலில் இருப்பவர்களுக்காக நடந்த மாலை வகுப்பில் சேர்ந்து, அடிப்படைப் புள்ளியியல், நேரியல் திட்டமிடல் ஆகிய இரண்டு பாடங்களிலும் தேறினேன் என்பது தெரியாமல் இருக்கலாம். அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பார்க்கலாம். இந்தத் திட்டமிடல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. சரக்கு இருக்கும் இடங்களை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். சரக்கு போய்ச் சேரும் இடங்களை மேலே வரிசையாக எழுத வேண்டும். எங்கிருந்து எங்கே போனால் எத்தனை கிலோமீட்டர் என்று நடுவில் உள்ள கட்டங்களில் போட வேண்டும். பிறகு வடமேற்கு மூலைக் கட்டத்தில் தொடங்கி நிரப்பிக்கொண்டே வந்து, மொத்த தூரம் எப்போது மிகவும் குறைகிறதோ அதுவரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஈசானி மூல கேட்டிருக்கேன், கன்னி மூல கேட்டிருக்கேன், இது இன்னாடா வடமேற்கு மூல? சாமியாருக்குத் தெரியுமா இது?" என்று அன்றைக்கே கேட்டாள். படிக்காதவர்களுக்கு அந்த பயம் இயற்கை.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமமாக நிற்க வேண்டும். சரக்கு மிஞ்சினால், இல்லாத ஊர் ஒன்றை நாமே உண்டாக்கி, மிஞ்சியதை அங்கே அனுப்பிவிட்டதாக எழுதிக்கொள்ளலாம். எங்கிருந்து போனாலும் அந்த ஊருக்குச் செலவு பூஜ்யம், ஏனென்றால் உண்மையில் யாரும் போவதில்லை; சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆபீசில் நான் அந்த இல்லாத ஊருக்குப் புதூர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இத்தனை மாதத்தில் எத்தனையோ கட்டு புதூருக்குப் போயிருக்கிறது. ஒரு கட்டாவது, "என்னை ஏன் ஏத்தல, அவன ஏன் மொதல்ல ஏத்தின" என்று கேட்டதில்லை.

அக்கா மகள் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரும் பொறுப்பைத் தாய்மாமன் என்ற முறையில் நான் எடுத்துக்கொண்டபோது, முதலில் புள்ளியியலைத்தான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் நடந்த கலியாணங்களில் வருவதாகச் சொன்னவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று விசாரித்ததில், காய்ச்சல், மழை, மனஸ்தாபம் எல்லாம் போக நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வருகிறார்கள் என்று சராசரி கிடைத்தது. தங்கள் பக்கம் எண்பது பேர் என்றீர்கள். ஆகவே அறுபது இருக்கைக்கு வேன்கள் பேசினேன். முன்தினம் போளூர், சேவூர், ஆரணி பஸ் ஸ்டாண்டு மூன்று இடத்திலும் கேட்டதில் அறுபத்து நான்கு பேர் வருவதாகத் தெரிந்தது. சராசரியிலிருந்து நான்கு கூடவோ குறையவோ இருப்பதைத் திட்டவிலக்கம் என்பார்கள். அதாவது அந்த நான்கு பேர் புள்ளியியலுக்குத் தெரியாதவர்கள் அல்ல, மரியாதையாக எதிர்பார்க்கப்பட்டவர்களே. இருக்கை அறுபது, ஆள் அறுபத்து நான்கு என்பதால் விதிப்படி மேல் வரிசையில் புதூரைச் சேர்த்தேன். மூன்று இடங்களில் போளூர்தான் அதிக தூரம். அதனால் அந்த நான்கு பேரும் போளூரில்தான் மிஞ்சுவார்கள் என்று கணக்கு சொல்லிற்று. இதில் என் விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

மிஞ்சும் நால்வர் யார் என்பதை மட்டும் கணக்கு சொல்லாது. அதற்கு எல்லாத் தலையும் ஒரே தலை. வீட்டுக்குப் பெரியவர்கள் வேனில் இடிபட வேண்டாம் என்று, தாங்கள், சம்பந்தியம்மா, அவர்களுடைய அண்ணன்மார் இருவர் என நால்வரையும் நான்தான் ஒதுக்கி வைத்தேன். தனியாக ஒரு அம்பாசிடர் காரும் பேசி, அதில் நானே போளூருக்கு வந்து தங்கள் வாசலில் நின்று அழைத்துக்கொண்டு போவதாக இருந்தேன். ஆனால் அட்டவணையைப் போட்டு முடித்து இரண்டு பக்கமும் அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு என்று நின்றதைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. கூட்டல் சரியாக வந்துவிட்டால் வேலையே முடிந்துவிட்டது மாதிரி இருக்கும், அது தொழில்காரருக்குத்தான் தெரியும். அந்த நிம்மதியில், நான் வருவதாக இருந்தது மறந்துவிட்டது. அதற்கு அட்டவணையில் கட்டமும் இல்லை. அட்டவணையைப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு எல்லா டிரைவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு நான் கோயில் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

கார் டிரைவர் தசரதன் புது ஆள். அவன் தாளில் பார்த்திருக்கிறான்: போளூரிலிருந்து புதூருக்கு, நான்கு தலை, செலவு பூஜ்யம். பிறகு நான் விசாரித்தபோது, "செலவு பூஜ்யம்னா பெட்ரோலுக்குக் கேக்காதேன்னு அர்த்தம்னு நெனச்சிகினேங்க" என்றான். தாங்கள் காரில் ஏறியதும், "கல்யாணம் ஆரணியில இல்ல?" என்று கேட்டதாகவும், அவன், "பேப்பர்ல புதூருன்னு போட்டுக்குதுங்க, ஆபீசர் கையெழுத்து கீது" என்று காட்டியதாகவும், தாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கையெழுத்து இருந்தா சரி, போ" என்று சொன்னதாகவும் அவன் சத்தியம் செய்கிறான். இந்த இடத்தில் தங்கள் ரயில்வே அனுபவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கலியாணம் ஆரணியில் என்று தாங்களே அச்சடித்து உறவுக்கெல்லாம் அனுப்பிய பத்திரிகை தங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் திசைக்கு ஒரு புதூர் இருக்கிறது. முதல் புதூரில் ஒரு பம்புசெட்டும் ஒரு எருமையும்தான் இருந்தனவாம். இரண்டாவது புதூரில் மைக் செட்டு பாடிக்கொண்டிருக்க, பந்தல் போட்டிருக்க, வாழை கட்டியிருக்க, தசரதன் வண்டியை நேரே பந்தலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அது மாணிக்கவேல் என்பவர் தன் பேரப்பிள்ளைக்கு நடத்தும் காதுகுத்து. அம்பாசிடர் கார், உள்ளே வெள்ளைக் கோட்டு, மடியில் தடி, யாரோ தாலுகா ஆபீஸ் பெரியவர் என்று அவர்கள் எண்ணி, ஓடி வந்து கதவைத் திறந்து, சந்தனம் பூசி, முன் வரிசையில் நாற்காலி போட்டு, "ஐயா வந்தது எங்க பாக்கியங்க, புள்ளைக்கு ஒங்க கையால ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குழந்தையை மடியில் வைத்துவிட்டார்களாம். குழந்தை மடியில் இருக்கிறபோது எழுந்திருக்க முடியாது, எழுந்தால் அழுகிறது, அழுகிற குழந்தைக்குக் காது குத்தக் கூடாது என்கிறார் ஆசாரி. இப்படியே பதினோரு மணி ஆகிவிட்டது. சம்பந்தியம்மா அண்ணன்மார் இருவரும் பாயசம் குடித்ததாகத் தகவல். நான் ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணக்கூடாது. இங்கே எங்கள் கலியாணத்தில் அப்படியொரு வரவேற்பு தங்களுக்குக் கிடைத்திருக்குமா? எனக்கு நிச்சயமில்லை.

இங்கே கோயில் வாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வேன்கள் எல்லாம் சொன்ன நேரத்துக்கு, சொன்ன தலைகளோடு வந்து சேர்ந்தன; நான் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். மாப்பிள்ளை மாத்திரம் படியில் நின்றுகொண்டு, "பெரியப்பா வராம நான் உள்ள வரமாட்டேன் மாமா" என்கிறார். கலியாணப் பூசை முடிந்த கையோடு சாமியாருக்கு ஒரு சாவுப் பூசை. அவர் வெளியே வந்து, "தம்பி, ஒனக்குப் பின்னால இருக்கிறவர் காத்துகினு இருக்க முடியாதவர், ஜல்தி உள்ள வா" என்கிறார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, எங்க பெரியப்பா எங்க?" என்று கேட்டார். நான் தாளைப் பார்த்து, "புதூர்ல இருக்காரு" என்றேன். அது தாளைப் பார்த்த பழக்கத்தில் வந்த வார்த்தை. கணக்குப்படி அதற்கு அர்த்தம், தாங்கள் போளூரில் வீட்டில் இருக்கிறீர்கள் என்பது. உண்மையில் தாங்கள் புதூரிலேயே இருந்தீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பார்க்கப் போனால் நான் சொன்னது இரண்டு விதத்திலும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தாங்கள் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் இரண்டாம் பந்தி. நெற்றியில் சந்தனத்தோடு வந்து நின்று, இலையில் உட்காராமல், தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தீர்கள். வேலையில் இருந்த காலத்தில் தாங்கள் பச்சைக்கொடி காட்டாமல் ஒரு ரயிலும் நகர்ந்ததில்லை என்று மாப்பிள்ளை அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் சொன்னாராம். அதை அக்கா என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது, மேலே சொன்ன அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும்தான்.

எப்படிப் பார்த்தாலும் கணக்கில் பிழை இல்லை. வேன்கள் ஓடிய மொத்த தூரம், ஓடியிருக்கக்கூடியதிலேயே மிகக் குறைந்த தூரம். தசரதன் அலைந்ததை அதில் சேர்க்கக் கூடாது; அது கணக்குக்கு வெளியே நடந்தது. இருந்தாலும் எல்லாத் தலையும் ஒரே தலை என்ற ஒரு சிறு குறை இருப்பதை நான் ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அதைத் திருத்திவிட்டேன். இந்த முறை தங்கள் பெயருக்கு எதிரே இருபத்தைந்து ஆள் என்று எடை போட்டிருக்கிறேன். இனி எந்த மூலையில் தொடங்கினாலும், எப்படி மாற்றிப் போட்டாலும், தங்களை விட்டுவிட்டு வருவது நஷ்டம் என்றே விடை வரும். சம்பந்தியம்மாவுக்குப் பத்து. அவர்கள் கேட்டால் இருபத்தைந்து என்றே சொல்லவும். வேன் சரியாகக் காலை எட்டு மணிக்குத் தங்கள் வாசலுக்கு வரும். புதூர் என்ற பெயர் அட்டவணையில் எங்குமே இல்லை. தாங்கள் முழு நம்பிக்கையோடு ஏறலாம்.

மாப்பிள்ளைக்கும் சூசைமேரிக்கும் என் ஆசீர். மாதா தங்கள் குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தங்களுக்குக் கோபம் குறையட்டும், அது முடியாவிட்டால் ஞாயிறு ஒரு நாளைக்கு ஒத்திப்போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த சம்பந்தி,
ஏசுதாஸ்

பின்குறிப்பு (புதன்கிழமை): மேற்படிக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன், கணக்கை ஒருமுறை சரிபார்க்க. இந்த முறை நாற்பது இருக்கை, முப்பத்தொன்பது ஆள். ஆள் குறைந்தால் இல்லாத ஆள் ஒருவரை உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. போன தடவை ஊர்ப் பெயர் வைத்துத்தான் வம்பு வந்தது என்று, இவருக்கு ஆள் பெயராகவே, தனகோடி என்று வைத்தேன். போளூரில் ஏறுவதாகவும் போட்டு, தாளை அன்றைக்கே, இந்த முறை வேன் ஓட்டும் தசரதனிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை தசரதன் வந்தான். "போளூர் பூரா விசாரிச்சிட்டேங்க. ஒரே ஒரு தனகோடிதான் கீறாரு, அரிசி மண்டியில. இன்னா விருந்து, யாரு வூட்ல, எனக்கு யாரையும் தெரியாதேன்றாரு. ஒரே பேஜாரா போச்சு. ஆனா நீங்க கவலப்படாதீங்க, ரெண்டு நாளா பேசிகினு கீறேன், ஞாயித்துக்கெழமைக்குள்ள சம்மதிக்க வச்சிடுவேன். அவர ஏத்தாம இந்தவாட்டி வண்டிய எடுக்கவே மாட்டேங்க" என்றான். அக்கா இதை அடுப்படியிலிருந்து கேட்டாள். கூடத்துக்கு வந்து, என் சான்றிதழைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானே போளூருக்கு வருகிறேன். தங்கள் வாசலில் வந்து நிற்பேன். தாங்கள் கொடி காட்டிய பிறகு, எல்லாருமாகப் பஸ்ஸிலேயே ஆரணிக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டம் இருக்கும். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நான் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துத் தருகிறேன். அதற்கு என்னிடம் சான்றிதழ் கிடையாது. ஆனால் இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஏ. தா.