மாப்பிள்ளை வீட்டாருக்கு வருத்தக்காரர் பிஸ்கட்

என் பிஸ்கட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பு அளவு, உறைப்பு அளவு, கடித்தால் மொறுமொறுவென்று முறிந்தது. (அன்றைக்கு எங்கள் வீட்டில் அளவோடு இருந்தது அது ஒன்றுதான்.) இருந்தும் அக்காவின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தவள் என்ற பட்டத்தை இன்றுவரை நான்தான் சுமந்து திரிகிறேன். இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது?

அக்காவுக்கு அதற்கு முன் வந்த சம்பந்தங்களை எல்லாம் அவளே தட்டிக் கழித்திருந்தாள். ஒருவரின் மீசை சரியில்லை. இன்னொருவர் கதைக்கும்போது கைபேசியைப் பார்க்கிறார். வெல்லாவெளி மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு "ஓம், பரவால்ல" என்றாள். அக்காவின் வாயிலிருந்து 'பரவால்ல' வருவது லேசான காரியம் இல்லை. அம்மா உடனே களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைவிட வீட்டைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறதா, கூரை ஒழுகுகிறதா, மகனுக்கு இங்கே நேரத்துக்குச் சோறு கிடைக்குமா என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டு போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் அம்மாவும், மாப்பிள்ளைக்கு மாமாவான அவருடைய அண்ணனும் களுவாஞ்சிக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று.

நான் அப்போது மட்டக்களப்பு டவுனில் கேக் வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றிருந்தேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தவர்களுக்கு உணவைப் பற்றி ஓயாமல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த ஓவன் வேறு, துணி போர்த்தியபடி சும்மா கிடந்தது.

"முறுக்குச் சுடப்போறன்" என்றார் அம்மா.

"முறுக்கு எல்லாருட வீட்டயும் இருக்கும்மா. நம்மட வீட்டில புதுசா ஒண்டு வைப்பம்."

"வாற ஆக்கள் முறுக்குத்தான் கேப்பாங்க புள்ள."

"நீங்க சும்மா இரிங்க. பத்து நிமிசத்தில நான் முடிச்சிருவன்."

அம்மாவுக்கு வீடு கழுவும் வேலை தலைக்கு மேல் இருந்தது. என்னோடு வாதாட நேரமில்லாமல் விட்டுவிட்டார். (அவர் பிறகு சொன்ன கதையில் நான் அவரை மிரட்டினேனாம். பொய்.)

கைபேசிக் காணொளியில் ஒரு பெண் உப்பு பிஸ்கட்டுகளை எடுத்து, உருக்கிய பட்டரில் உள்ளிப்பூண்டும் இடித்த காய்ந்த செத்தல் மிளகாயும் கலந்து தடவி, ஓவனில் வைத்து எடுத்தாள். விருந்தாளிகள் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் உப்பு பிஸ்கட்டுக்கா பஞ்சம்? அலுமாரிக்கு மேல் கிறீம் கிறேக்கர் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவை அங்கே எப்படி வந்தன என்று நான் யோசிக்கவில்லை. பட்டருக்குள் கொஞ்சம் பெருஞ்சீரகமும் இடித்துப் போட்டேன். வாசம் தெருப் படலைவரை போனது.

விருந்தாளிகள் வந்து, கிணறு பார்த்து, கூரை பார்த்து, விறாந்தையில் அமர்ந்தார்கள். நான் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் மாமா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே மிளகாயும் உள்ளியும் மூடியிருந்தாலும் அடிப்பக்கத்து ஓட்டைகள் அதன் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

"இது கிறீம் கிறேக்கர்தானே?"

"ஓம் மாமா. பேக் பண்ணினது."

அவர் அதை மெதுவாகத் தட்டிலேயே வைத்தார். தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் அம்மாவின் பக்கம் சாய்ந்து நோய் விசாரிக்கும் குரலில் மெதுவாகக் கேட்டார்: "வீட்டில ஆருக்கு வருத்தம்?"

இதைத்தான் அநியாயம் என்கிறேன். எங்கள் ஊரில் கிறீம் கிறேக்கரை யாரும் ஒரு தின்பண்டமாகவே மதிப்பதில்லை. காய்ச்சல்காரருக்குத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிறவர் கையில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் வாசலில் உள்ளே விடமாட்டார்களோ என்று தோன்றும். அந்தப் பாவப்பட்ட பிஸ்கட் நல்ல நாள் பெருநாளில் ஒரு தட்டில் ஏறக்கூடாதா? நான்தான் அதற்குப் பட்டர் பூசி, மிளகாய் போட்டு, மரியாதை வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன்.

"ஆருக்கும் ஒண்டுமில்ல" என்றார் அம்மா.

மகளின் மானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தில் அப்பா ஒரு முழு பிஸ்கட்டை வாய்க்குள் போட்டார். ஒரு மிளகாய் விதை போய்த் தொண்டையில் நின்றது. அப்பா இருமினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் இருமினார். கண் சிவந்துவிட்டது.

"இந்த இருமல் எவ்வளவு காலமா?" என்று கேட்டார் மாமா.

நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. "அது சும்மா இருமல் மாமா. அப்பாக்கு வந்த டெங்கு எல்லாம் சுகமாகிட்டு. அப்ப சனம் பாக்க வரக்குள்ள கொண்டு வந்த பிஸ்கட்தான் இது."

அவ்வளவுதான். நோயாளிக்கு வந்ததைச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்பம் என்று நாங்கள் ஆனோம். அவர்கள் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, "மறுகா வாறம்" என்று எழும்பினார்கள். அந்த "மறுகா"வை அம்மா மொழிபெயர்த்தபோது அதற்கு "இனி வரமாட்டோம்" என்று பொருள் வந்தது.

அம்மா என்னைத் திட்டியதை எழுதத் தாள் போதாது. அக்கா திட்டவில்லை. குசினியில் குந்தியிருந்து மிஞ்சிய பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். "ருசியாத்தான் இரிக்கு" என்றாள். பிறகு அழுதாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அழுதவளின் பக்கத்தில் நானும் குந்தித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை ஒரு காலையில் படலையில் ஓட்டோ நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் இறங்கினார்கள். கையில் ஒரு பை. பைக்குள் கிறீம் கிறேக்கர் பெட்டி இரண்டு.

"அவர ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. முகத்தில் மெய்யான கவலை தெரிந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நோயாளியைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிசி.

நோயாளி வீட்டில் இல்லை. அப்பா விடியவே வட்டைக்குப் போய்விட்டார். அவர்கள் உட்காருவதற்குள், வயலிலிருந்து நெல் மூட்டையொன்றைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டையை அப்படியே தோளில் தூக்கி விறாந்தைக்கு ஏற்றினார்.

"நீங்கதானே வருத்தக்காரர்?" என்றார் மாமா.

"ஆரு, நானா?"

மாமா மூட்டையைச் சற்று நகர்த்தி வைக்க உதவப்போனார். மூட்டை அசையவில்லை. மாமாவின் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. அவரை வாங்குப் பலகையில் படுக்கவைத்து அக்கா எண்ணெய் தடவிவிட்டாள். அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டையே தேத்தண்ணியில் தோய்த்து அவருக்குக் கொடுத்தோம். அவர் படுத்தபடியே அப்பாவுடன் நாள் பார்க்கும் கதையைத் தொடங்கினார்.

கல்யாணம் நடந்தது அந்த நெல் மூட்டையால்தானாம். வீட்டில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். என் பிஸ்கட் இல்லாவிட்டால் அவர்கள் இரண்டாம் முறை வந்திருப்பார்களா? மூட்டையைக் கண்ணால் கண்டிருப்பார்களா? இதைக் கேட்டால் ஆளுக்கொரு வேலை இருப்பதாக எழும்பிப் போய்விடுகிறார்கள். அதோடு அம்மா ஒரு சட்டமும் போட்டார்: அந்த பிஸ்கட்டை இந்த வீட்டில் வருத்தக்காரருக்கு மட்டும்தான் சுடலாம்.

அத்தான் குடிவந்த புதிதில், அம்மா இல்லாத நேரம் பார்த்துக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அண்டைக்கு எங்கட அம்மா ரெண்டு பிஸ்கட்ட லேஞ்சித் துணியில சுத்திக் கொண்டுவந்து காட்டினவ. நான் சாப்பிட்டுப் பாத்தன். நல்ல ருசி."

"இத ஏன் அத்தான் எல்லாருக்கும் முன்னால சொல்லல்ல?"

"மாமி இரிக்கக்குள்ள எப்பிடிச் சொல்லுற?"

சொல்லவேயில்லை. பதிலாக அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வரத் தொடங்கியது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க யாரையும் விடுவதில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சோறு வேணாம், பிஸ்கட் எண்டாக் கொஞ்சம் சாப்பிடலாம்" என்று முனகுவார். நான் ஓவனை மூட்டுவேன். தகவல் வெல்லாவெளிக்குப் போகும். அவருடைய அம்மா கிறீம் கிறேக்கர் பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கி, எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்:

"நான் அண்டைக்கே கேட்டனே, இந்த வீட்டில ஆருக்கு வருத்தம் எண்டு."