சாட்சி தீர்ந்துபோன நரி

ஒரு காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை போட்ட ஜெபவீடு ஒன்று இருந்தது. கழுதைதான் பாஸ்டர். தன் முப்பாட்டன் யாரை முதுகில் சுமந்து எருசலேமுக்குள் போனார் என்பதைப் பிரசங்கத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் விடாது. ஆராதனையைக் குரங்கு போனில் பிடித்து யூடியூபில் போடும். பார்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேர் கழுதையின் சொந்தக்காரர்கள்.

அப்போதுதான் நரி மனந்திரும்பியது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, பைபிளில் திருந்திய வரிவசூல்காரன் சகேயுவின் பேரையும் வைத்துக்கொண்டது. மேடையேறிச் சாட்சி சொன்னபோது, தான் தின்ற நாற்பத்திரண்டு கோழிகளையும் வரிசையாகச் சொல்லி அழுதது. எது எப்படி ருசித்தது என்பதையும் விடவில்லை. கூட்டம் கண்ணீர் விட்டது, கொஞ்சம் எச்சிலும் விட்டது. வீடியோ நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

முன்வரிசையில் தபீத்தாள் என்ற கோழி தன் ஏழு குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது. இருபத்தொன்பதாவது கோழி அதன் சொந்த அக்கா. ஆனாலும் திருந்தி வந்தவனை என்ன சொல்வது என்று அதுவும் ஆமென் சொல்லி வைத்தது.

ஐந்தாவது வாரம் கூட்டம் கொட்டாவி விட்டது. குரங்கு நரியை ஓரமாகக் கூப்பிட்டு, "பிரதர், அந்தப் பழைய கோழிகளையே எத்தனை நாளைக்கு ஓட்டுறது? புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றது.

அடுத்த ஞாயிறு நரி மைக்கைப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதது. இரட்சிக்கப்பட்ட பிறகும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பாவத்தில் விழுந்துவிட்டதாம். சின்ன உயிர்தானாம். வீடியோ லட்சத்தைத் தொட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து தபீத்தாளுக்கு ஆறு குஞ்சுதான்.

அது நேரே கழுதையிடம் போய் நடந்ததைச் சொன்னது. கழுதை காதை ஆட்டி, "மன்னிச்சிருங்க சிஸ்டர். ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லியிருக்கே" என்றது.

"நானூத்தித் தொண்ணூறு தடவை மன்னிக்க எனக்கு மனசு இருக்கு ஐயா. அத்தனை குஞ்சு இல்லியே."

கழுதை ஜெபம் பண்ணி அனுப்பி வைத்தது. தபீத்தாள் வீட்டுக்குப் போய்க் குஞ்சுகளுக்கு இரை வைத்தது. குரங்கிடம் போனை இரவல் வாங்கிக்கொண்டு நரியைத் தேடிப் போனது. அடுத்த சாட்சிக்கு முன்னோட்டமாக ஒரு ரீல்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றதும் நரிக்கு வாயெல்லாம் பல். கிணற்றுச் சுவரில் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் பின்னாடி பிரதர். சூரியன் தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் மாதிரி வரணும்."

நரி பின்னால் நகர்ந்தது.

"இன்னும் ஒரு அடி. கண்ணை மூடிக்கோங்க, பக்தியாத் தெரியும்."

நரிக்கு அது இரண்டாவது முழுக்கு. இந்தத் தடவை யாரும் தூக்கிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நரியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. தபீத்தாள் மேடையேறியது. நான் ஒரு பாவி என்று ஆரம்பித்து, கிணற்றின் ஆழம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி அழுதது. கூட்டமும் அழுதது. ஏழெழுபது கணக்குச் சொன்ன கழுதைக்கு மன்னிப்பதைத் தவிர வழியில்லை. வீடியோ இரண்டு லட்சம்.

குரங்கு மூச்சிரைக்க ஓடி வந்தது. "சிஸ்டர், அடுத்த வாரத்துக்குப் புதுசா ஏதாவது இருக்கா?"

தபீத்தாள் முதலில் குஞ்சுகளை எண்ணியது. ஆறும் இருந்தன. அப்புறம், போன வாரம்தான் மனந்திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பருந்தைப் பார்த்தது.

பருந்து மெல்ல எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

நீதி: மனந்திரும்புவது நல்லது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பினால் இன்னும் நல்லது.