கிட்னி வேண்டாம் என்று எழுந்துபோன தம்பிக்கு

ஆண்டவருக்குள் பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பது முறை. கேட்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவனிடம் அதைக் கேட்டால் மரியாதை இல்லை, குத்தல். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். கிழித்துப் போடலாம். ஆனால் என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்காமல் உனக்குத் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை, கிட்னி கொடுக்க அனுமதி தருகிற ஆஸ்பத்திரிக் கமிட்டியில் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உன்னைத் தனியாகக் கேட்டார்களே, அங்கே நீ பேசியதை அந்த டாக்டரம்மா ஒன்று விடாமல் என்னிடம் சொல்லிவிட்டார். "சின்ன வயசுல சைக்கிளை ஒரு நாள் குடுத்துட்டு ஒரு வருஷம் சொல்லிக்காட்டினவர் எங்க அண்ணன். கிட்னியைக் குடுத்தா நான் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவாரு. முகத்தைப் பாத்தீங்கள்ல? மனசோட குடுக்கிற முகமா அது? எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாயாம். தம்பி, சொல்லிக்காட்டினது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். செயினை அறுத்து, பெல்லைத் தொலைத்து, முன்சக்கரத்தை எட்டு மாதிரி வளைத்துக் கொண்டுவந்தாய் என்பதை இந்த நேரத்தில் நான் எடுக்கவில்லை.

முகத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் செய்தவன் முகம் இது. நான் சிரித்திருந்தால் ஒரு பயல் டிக்கெட் எடுத்திருப்பானா? ஆனாலும் பார், கொடுக்கிறதை முகம் கோணாமல், கட்டாயத்துக்காக இல்லாமல், சந்தோஷமாகக் கொடுக்கணும், அப்படிப்பட்டவனைத்தான் ஆண்டவருக்குப் பிடிக்கும் என்று போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் செய்தார், மூன்று ஞாயிறும் என்னைப் பார்த்தே செய்தார். சரி, பழகிக்கொள்வோம் என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்னங்க, கடவாய்ப் பல்லா?" என்று கிராம்பு எண்ணெயோடு வந்துவிட்டாள். அப்புறம் டெஸ்ட். பதினாலு குப்பி ரத்தம். அது போதாதென்று ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வா என்றார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர், "சுத்தமான தேனா சார், எங்க கிடைக்குது?" என்கிறார். அந்த நேரம் பார்த்து, என்கிட்டயே வேலை கத்துக்கிட்ட செக்கர் ஏறி, "சார், லக்கேஜுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்கிறான்! எடுத்தேன். எடுத்துத் தொலைச்சேன். இவ்வளவும் பட்டுவிட்டுக் கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தால், "உங்களை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். பழகிவைத்த சிரிப்பைச் சிரித்துக் காட்டினேன். அந்தம்மா உடனே நர்ஸைக் கூப்பிட்டு எனக்குப் பிரஷர் பார்க்கச் சொன்னார். பிரஷர் ஏறித்தான் இருந்தது.

அதுக்காக, அண்ணன் உன்மேல் உயிரை வச்சிருக்கான்னு நீ கற்பனை பண்ணிக்காதே. ஆண்டவர் எனக்கு ரெண்டு குடுத்திருக்கார், ஒண்ணு போதும்னு டாக்டர் சொல்றார், இன்னொண்ணு சும்மா கிடக்குது. ரோட்டுல போறவன் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். கடமை, அவ்வளவுதான். பாசமாவது கீசமாவது! ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்கிக்கிறதுக்கும் மனசு வேணும்டா. நான் என்னதான் சந்தோஷமா நீட்டினாலும், நீ கையைக் கட்டிக்கிட்டு நின்னா எங்கே கொண்டுபோய் வைக்கிறது? திங்கட்கிழமை கமிட்டி மறுபடி கூடுது. அதை விட்டா மூணு மாசம் கழிச்சுத்தான். மூணு மாசம் தாங்குவியான்னு உன் டாக்டர்கிட்ட நேராகவே கேட்டேன். அவர் பேனாவைத் தேடினார். எனக்குப் பயமா இருக்கு தம்பி. வந்து "சம்மதம்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. கிட்னியைப் பத்தி என் ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டேன், இதோ எழுதியே தந்துவிட்டேன். சைக்கிளுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், முக்கியமாகத் திங்கட்கிழமை வரத்தை.

இப்படிக்கு,
உன் மூத்தவன்

பி.கு.: ரோட்டில் போகிறவனுக்கும் கொடுப்பேன், கடமை என்றெல்லாம் மேலே எழுதியிருப்பது சுத்தப் பொய். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறேன். என்னுடையது உனக்குப் பொருந்துகிறது என்று லேப்பில் சொன்ன அன்றைக்கு, வராந்தாவுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தேன்டா. நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு. தரை துடைக்கிற அம்மா வேலையை நிறுத்திவிட்டு, "என்னங்கய்யா, பேரப்பிள்ளை பொறந்திருக்கா?" என்று கேட்டாள். எங்கிருந்து ஆரம்பித்து அவளுக்கு விளக்குவது? "ஆமாம்மா, ஆம்பளைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று விசாரிக்கிறாள். செவ்வாய்க்கிழமை நீ எழுந்துபோன பிறகும் கேட்டாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். திங்கட்கிழமையும் கேட்பாள். நான் என்ன சொல்லட்டும்?